நார்வேக்குப் போகாத ஜூன்

என் கணவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் ஸ்வீடனில் இருந்தார். கோதன்பர்க் என்ற ஊரில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை. ஹாஸ்டலில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஊருக்குப் போகும்போதோ திரும்பும்போதோ குடும்பத்தோடு துபாயில் இறங்கி, அஜ்மானில் எங்கள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுத்தான் போவார். எங்களுடையது ஒரு பெட்ரூம் ஃபிளாட். அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்களும் மகளும் ஹாலில் பாய் விரித்துக்கொள்வோம். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. நான் வேலை பார்த்த கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு நண்பரின் மனைவியைக் கடைகடையாகக் கூட்டிக்கொண்டு அலைவேன். தூத்துக்குடிக்காரியான எனக்கு விருந்தாளிக்கு மீன் இல்லாமல் சோறு போட்டுப் பழக்கமில்லை.

ஒரு முறை அவர்களை ஏர்போர்ட்டில் விடப் போனபோது நண்பர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அடுத்த ஜூனில் நீங்கள் மூன்று பேரும் கட்டாயம் வந்தாக வேண்டும், லீவு போட்டுவிடுகிறேன், என் வண்டியில் ஏழு பேர் உட்காரலாம், எல்லாருமாக நார்வே வரை ஓட்டிக்கொண்டு போவோம் என்றார். அவர் மனைவியும் என் தோளைத் தொட்டு, "ஆமாக்கா, வாங்க," என்றாள்.

திரும்பி வரும்போது ஷார்ஜாவில் வழக்கமான நெரிசல். சாலிக் என்கிற சுங்கமெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். வண்டிகள் நகரவே நகராது. இவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவன் சும்மா பேச்சுக்குச் சொல்றவன் இல்ல," என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இவர் டிராஃப்ட்ஸ்மேன். அடுத்தவர் கட்டப்போகும் கட்டடங்களுக்குக் கோடு போடுவதுதான் வேலை. லீவு கிடைத்தால் நாகர்கோவில், லீவு முடிந்தால் அஜ்மான். மூன்றாவது ஊர் என்று ஒன்று அவர் வாழ்க்கையில் கிடையாது. எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. அப்படிப்பட்டவர் அடுத்த வாரமே வடக்கு ஐரோப்பாவின் பெரிய மேப் ஒன்றை வாங்கி வந்து ஹால் சுவரில் ஒட்டினார். ஆபீசிலிருந்து வந்து குளித்ததும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கோபன்ஹேகனில் இறங்கி, கடலுக்கு மேலே போகிற பாலத்தில் ஸ்வீடனுக்குள் நுழைந்து, நண்பர் வீட்டில் இளைப்பாறி, அங்கிருந்து ஓஸ்லோ, மலைகளைத் தாண்டி பெர்கன், திரும்பி ஸ்டாக்ஹோம், பிறகு வண்டியோடு கப்பலேறி ஹெல்சின்கி. கோட்டைப் போடுவார், மறுநாள் அழித்துவிட்டு வேறு வழியில் போடுவார். எங்கே பெட்ரோல் போடுவது, எந்த மலைப்பாதையில் ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும், எந்தக் குகைப்பாதையைத் தவிர்த்தால் கடலோரமாகவே போகலாம் என்று இன்டர்நெட்டில் தேடித் தேடி எடுத்து வைத்தார்.

எனக்கு ரோடு தெரியாது. ஏழு பேருக்கு வழியில் என்ன சாப்பாடு என்பதுதான் என் கவலை. அங்கே ரோட்டோரம் மரக் குடிசைகள் வாடகைக்குக் கிடைக்கும், சின்ன அடுப்பும் இருக்கும் என்று இவர் சொன்னார். புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்குகிறது என்று பாட்டிலில் போட்டு வைத்துப் பார்த்தேன். பருப்புப் பொடி இடித்தேன், ரவையை வறுத்து வைத்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மூன்று பேருக்கும் கம்பளிக் கோட்டு வாங்கினோம். மகள் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, கோட்டோடு ஹாலில் நடந்து பார்த்தாள்.

மறைத்துச் செய்கிற காரியமா? மேப்போ ஹால் சுவரில் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்டார்கள். நாங்களும் சொன்னோம். மகள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். இவர் ஆபீசில் ஜூன் மாத லீவு எழுதிக் கொடுத்தபோது காரணத்தையும் சொன்னார். ஜெபக்கூட்டத்தில் எங்கள் பிரயாணத்துக்காக முன்கூட்டியே ஜெபம்கூடப் பண்ணிவிட்டார்கள். எதிர் ஃபிளாட்டில் இருந்த திருச்சிக்கார அம்மா, "சிஸ்டர், அந்த ஊர்ல ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்குமாமே, எப்படித் தூங்குவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் ஏதோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி விளக்கம் சொல்வேன். ஜன்னலில் கறுப்புத் திரை போட்டுக்கொள்வார்களாம் என்பேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

இவர் புது வழி போடும்போதெல்லாம் நண்பருக்கு மெயில் அனுப்புவார். பதில் வரும். ஆனால் ஒரே வரி: "சூப்பர்டா, கலக்குற." சில சமயம் வெறும் சிரிக்கிற முகம் மட்டும். இவர் அதைத் திறந்து காட்டி, பெர்கன் வழி அவனுக்கும் பிடித்திருக்கிறது என்பார்.

விசாவுக்கு நண்பரிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வேண்டியிருந்தது. அதைக் கேட்டு எழுதினார். பதில் இல்லை. இன்னொரு முறை எழுதினார். வேலை அதிகம் போலிருக்கிறது என்றார். எனக்குத்தான் பொறுமை இல்லை. டூட்டி மாற்றிக்கொடுக்கச் சம்மதித்திருந்த நர்ஸ் எந்தத் தேதி, எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன் போட்டுக் கேளுங்கள் என்று நச்சரித்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, நானே போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன். மகள் தானும் கேட்க வேண்டும் என்றாள். ஸ்பீக்கரில் போட்டோம். எதிர் ஃபிளாட் அம்மா அப்போதுதான் எதையோ கொடுக்க வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

நண்பரின் மனைவிதான் எடுத்தாள். அவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். நலம் விசாரித்துவிட்டு இவர் அந்தக் கடிதத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினார். விசாவுக்கு நாள் நெருங்குகிறது, அவன் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும் என்றார். பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணா, நீங்க நிஜமாவே வரப் போறீங்களா?"

இவர் சிரித்தார். "இல்லம்மா, சும்மா பிளான் போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தோம். அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்." அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கார்டில் காசு முடியப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். காசு நிறைய இருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எதிர் ஃபிளாட் அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். மகள் மட்டும் இங்கிலீஷில், அப்படியென்றால் நாம் போகப்போவதில்லையா என்று கேட்டாள். நான் அவளை அதட்டினேன். அவள் என்ன தப்பு செய்தாள்?

அதற்குப் பிறகு கட்டடத்தில் யாரும் எங்களிடம் பயணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுவரை லிஃப்டில் பார்த்தாலே கேட்டுக்கொண்டிருந்தவர்கள். கேட்டிருந்தால் விசா கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். சொல்வதற்கு அந்தப் பொய்யைத் தயாராகவும் வைத்திருந்தேன். யாரும் கேட்காததால்தான் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. எதிர் ஃபிளாட் அம்மா முன்பைவிட அதிகமாகக் குழம்பும் கூட்டும் கொடுத்து அனுப்பினார். அந்தக் கிண்ணங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகவே எனக்குக் கால் வரவில்லை. மகளிடம் கொடுத்து அனுப்பினேன்.

சில நாள் கழித்து நண்பரே கூப்பிட்டார். இந்த ஜூனில் மாமனார் மாமியார் வருகிறார்கள், வண்டியும் கொஞ்சம் சரியில்லை என்று ஆரம்பித்தார். இவர் இடையிலேயே புகுந்து, "டேய், எனக்கே லீவு குடுக்கல. நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு நண்பர் மூச்சு விட்டது கேட்டது. "அப்படியா? சரிடா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்," என்றார். குரலே மாறிவிட்டது.

போனை வைத்ததும் எனக்கு ஆத்திரம். எத்தனை வருஷம் பெட்ரூமைக் கொடுத்திருப்போம், அவர் தப்பிப்பதற்கு நீங்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அவன் இன்னும் நாலு காரணம் சொல்லிருப்பான். அதைக் கேட்டுக்கிட்டு நிக்கத் தெம்பு இல்ல," என்றார்.

லீவு ஏற்கெனவே கிடைத்துவிட்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தால் ஆபீசில் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டுக்கு ஹோட்டலில் தங்கி அந்த நாடுகளைச் சுற்ற எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் ஓமனில் இருக்கிற சலாலாவுக்கு வண்டியிலேயே போனோம். வளைகுடா முழுக்கக் காயும்போது அங்கே மட்டும் ஜூன் கடைசியில் தூறல் தொடங்கும். நார்வேக்காகச் செய்து வைத்த புளிக்காய்ச்சலையும் பருப்புப் பொடியையும் எடுத்துக்கொண்டேன். மகள் பின் சீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்களோடு பேசாமல் வந்தாள்.

ஓமன் பாலைவனத்தில் மணிக்கணக்காக ஒரு மரம் கிடையாது. நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி டீ குடித்தபோதுதான் இவர் வாயைத் திறந்தார். "அவன் ஒரு மெயில்ல கூட தேதி சொல்லல. எனக்கு அப்பவே தோணுச்சு. இருந்தாலும் கோடு போட்டுக்கிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு."

தெரிந்துதான் போன் போடாமல் தள்ளிப் போட்டிருக்கிறார். நான் நச்சரிக்காமல் இருந்திருந்தால் கடிதம் வராமலே, யாருக்கும் தெரியாமலே அது மெல்ல அடங்கியிருக்கும். ஸ்பீக்கரில் போட்டு, ஆளை உட்காரவைத்துக் கேட்க வைத்தவள் நான்தான். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

அடுத்த வருடம் நண்பர் குடும்பம் ஊருக்குப் போகிற வழியில் மறுபடி வந்தது. எனக்கு இஷ்டமில்லை. இவர் வரட்டும் என்றார். பெட்ரூமைக் கொடுத்தேன். ஆனால் லீவு போடவில்லை, மீன் வாங்கவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இரண்டாம் நாள் காலை ஆண்கள் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போயிருந்தார்கள். நண்பரின் மனைவி அடுக்களைக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த பூண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு போன்ல நான் கேட்டது தப்பாப் போயிடுச்சா?" என்றாள்.

என்றைக்கு என்று ஞாபகமில்லாதவள் போலக் கேட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஊருக்கு அவர்கள் போனதிலிருந்து சொந்தபந்தம் என்று ஒருவர்கூட வீட்டு வாசலை மிதித்ததில்லை. வருகிறேன், வருகிறேன் என்று எல்லாரும் சொல்வார்கள். அண்ணா விசா என்றதும் அவளால் நம்ப முடியவில்லை. கேட்டு முடிப்பதற்குள் இவர் விளையாட்டு என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் கம்பெனியில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவருக்கும் வேலை போயிருந்தது. வண்டியை விற்றுவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர் போலவே கிளம்பிப் போய் லைப்ரரியில் உட்கார்ந்திருப்பாராம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். மாமனார் மாமியாரும் வரவில்லை. இப்போதுதான் வேறு ஊரில் சின்னதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

"எனக்கு நீங்க வந்தாப் போதும்னு இருந்துச்சுக்கா. வண்டி இல்லாட்டி என்ன, வீட்ல உப்புமா கிண்டிப் போட்டுப் பேசிக்கிட்டு இருந்திருப்போம்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருடமாக அவளைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருந்தேன். வெளுத்த சாம்பாரும் அப்பளமுமாக முந்தின நாள் நான் வைத்த சாப்பாட்டை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டு, இதோ வருகிறேன் என்று சொல்லி மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஐஸில் கிடந்த மீன்களுக்கு முன்னால் வெகுநேரம் எதையும் கேட்காமல் நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று பாஷையில் கேட்டார்.

அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் இவரிடம் சொன்னேன். பெட்ரூமில் படுக்கை விரிப்புகளை இரண்டு பேருமாக மடித்துக்கொண்டிருந்தோம். தன் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"வேலை இல்லாம உக்காந்திருந்தவனுக்கு நான் பெர்கன் போறதுக்கு ரூட் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

உங்களுக்குத் தெரியாதே என்றேன். "கேக்கவே இல்லையே. அத்தனை மெயில் போட்டேன், வேலை எப்படிடா இருக்குன்னு ஒரு தடவை கூடக் கேக்கல," என்றார். விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை.

அந்த இரண்டு பேரும் இதைப் பற்றி இன்றுவரை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. நண்பரின் மனைவியும் நானும் மட்டும் மாதம் ஒரு முறையாவது போனில் பேசுகிறோம். நாங்கள் அந்தப் பக்கம் போகவேயில்லை. ஒரு காலத்தில் கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியாகிற காலம் வந்தபோது இவர் பேச்சை எடுக்கவில்லை. நான் ஒரு முறை எடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகளுக்குப் பரீட்சை எப்போது என்று விசாரித்தார்.