பத்து மணி மட்டும்

"இந்தத் தடவையும் வோட்டுப் போடலைன்னா, அடுத்த தேர்தல் வரைக்கும் சாப்பாட்டு மேசையில கவுன்சிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் மனைவி. குப்பை வண்டி, பார்க்கிங் அபராதம், தெருப் பள்ளம் இவற்றைப் பற்றிப் புலம்பாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது அவளுக்குத் தெரியும். லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் நான் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. புலம்பும் கடமையில்தான் குறை வைக்கவில்லை.

கவுன்சில் தேர்தல் நடக்கும் வியாழக்கிழமை அலுவலகத்தில் எனக்கு முக்கியமான கூட்டம். அமெரிக்காவிலிருக்கும் மச்சான் தேர்தலுக்கு முன்பே வாக்களித்துவிட்டுப் படம் அனுப்புவான். நானும் அப்படி முடித்துவிடலாமென்று இணையத்தில் தேடினேன். அது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து நூலகம் ஒன்றின் முகவரியைத் தந்தது. கவுன்சிலுக்குப் போன் செய்தேன். இணைப்புக்குக் காத்திருந்து நெடுநேரம் பியானோ கேட்டேன். பிறகு வந்த பெண், இங்கே அப்படியொன்றும் கிடையாது, தபால் வாக்குக்கும் கெடு முடிந்துவிட்டது என்று அன்போடு சொன்னார். வாக்குச்சாவடி நேரத்தைக் கேட்பதற்குள் பியானோ திரும்பி வந்துவிட்டது.

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, வோட்டுப் போடுற எடம் எப்பத் திறப்பாங்க?"

"காலமை ஏழுக்குத் திறப்பினம். பத்து மணி மட்டும் இருக்கும். ஆறுதலாப் போங்கோ."

மூன்று மணி நேர ஜனநாயகம்! அவர் முன்கூட்டியே எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது.

வியாழக்கிழமை காலை ரயில் நிலையம் போகும் வழியிலிருக்கும் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அங்கிருந்த அம்மாள், உங்கள் தெருவுக்குச் சந்தைக்குப் பின்னாலுள்ள தேவாலய மண்டபம் என்றார். அந்த விவரம் அச்சடித்த அட்டை வீட்டுக்கு வந்திருக்குமாம். வந்திருக்கும். பீட்சாக் கடை விளம்பரங்களோடு பழைய காகிதப் பெட்டிக்குப் போயிருக்கும். அதை மட்டும் கவுன்சில் தவறாமல் அள்ளிப் போயிருந்தது.

மணி பத்தாகப் போகிறது. மண்டபத்துக்கு ஓடினாலும் முடியாது. வெளியே வரும்போது ஒரு கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு உல்லாசமாக உள்ளே போனார். ஜனநாயகம் முடியப் போவது தெரியாத அப்பாவி என்று அவருக்காக வருந்தினேன். வாசலில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் நிறையப் படிப்பவன், அறிவிப்புகளைப் படிப்பதில்லை.

ரயிலிலிருந்து மனைவிக்குச் செய்தி அனுப்பினேன்: "மூடிட்டாங்க. நீயும் போகாதே."

மாலை அந்தப் பள்ளிக்கூட வழியாக வராமல் கடைத்தெரு சுற்றி வந்தேன். பார்த்தால் எரிச்சல்தான் கூடும். இரவுச் சாப்பாடு. வாசலில் குப்பைப் பெட்டி நிரம்பி வழிகிறது, சொல்ல உரிமையில்லை. சோற்றை மென்றுகொண்டிருந்தபோது, எங்களிடம் இரவல் வாங்கிய ஏணியோடு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"தம்பி, வோட்டுப் போட்டாச்சோ?"

"எங்கண்ணே? பத்து மணிக்கு மூடிட்டாங்களே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எட்டரைதானே?"

"காலையில பத்து. நீங்கதானே பத்து மணி மட்டும்னீங்க?"

"ஓம், பத்து மணி மட்டும்."

"அதான், மட்டும்."

"ஓமப்பா, மட்டும்!"

இப்படியே விடியும்வரை போயிருப்போம். மனைவி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்க பேச்சுல மட்டும்னா வரைக்கும்னு அர்த்தம். ராத்திரி பத்து மணி வரைக்கும். ஆறுதலான்னா நிதானமா. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரியில பாதிப் பேர் அப்படித்தான் பேசுவாங்க. நான் மத்தியானமே போட்டுட்டேன்."

"போகாதேன்னு செய்தி அனுப்பினேனே?"

"ஆமா. நீங்க மூடிட்டாங்கன்னு சொன்னா திறந்திருக்கும்னுதான் போனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சாப்பிட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சாப்பாடு அமைதியா இருந்துச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் ஏணியைச் சுவரில் சாத்தினார். "கெதியா ஓடுங்கோ தம்பி. பாஸ்போர்ட்டை மறந்திடாதையுங்கோ. இனி ஆறுதலாப் போக ஏலாது."

ஓடினேன். மண்டபத்து வாசலிலும் அதே அறிவிப்பு, கொட்டை எழுத்தில், காலை ஏழு முதல் இரவு பத்து வரை. உள்ளே ஒருவர் பாஸ்போர்ட்டிலிருந்த இளைஞனையும் மூச்சு வாங்கிய என்னையும் மாறி மாறிப் பார்த்து, பெரிய மனதோடு ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொண்டார். தடுப்புக்குள் போய் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போட்டு, பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தேன். சோறு ஆறியிருந்தது.

"அந்தக் கவுன்சில்காரன் இருக்கானே," என்று ஆரம்பித்தேன், "ஒரு பென்சில், ஒரே ஒரு பென்சில், அதையும் நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கான்…"

மனைவி ரசத்தைச் சூடு பண்ண எழுந்து போனாள்.