நாலாம் அத்தியாயத்தில் இருந்த ஓட்டை

மூன்று நாள் விடுப்பில், மலைமேலிருக்கும் கொட்டச்சேட்டுக்கு வந்தவள் பதினொரு நாள் மாட்டிக்கொண்டேன். மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோனது. கரண்டு எப்போதாவதுதான் வந்தது, வீட்டில் சிக்னலும் இல்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அண்ணனுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, நான்.

என் முனைவர் பட்ட ஆய்வு, புள்ளிகள் ஒரே விதிப்படி திரும்பத் திரும்ப நகரும் ஒரு வெளியைப் பற்றியது. அந்த நகர்விலிருந்து ஆப்பரேட்டர் அல்ஜீப்ரா என்ற கணித அமைப்பை உருவாக்கி, அதன் வடிவத்தைச் சொல்லும் கே-குழுக்கள் இரண்டையும் கணக்கிட வேண்டும். இரண்டாவது குழு வெறும் முழு எண்கள்தான் என்று நாலாம் அத்தியாயத்தில் நிறுவியிருந்தேன். அதை வைத்து நானும் என் வழிகாட்டியும் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழின் பரிசீலனையில் இருந்தது.

ஐந்தாம் நாள், வேறு வேலையில்லாமல் அச்சுப்பிரதியைப் புரட்டியபோது ஒரு வரியில் கண் நின்றது. எந்தப் புள்ளியும் வெளியின் எல்லா மூலைக்கும் போய்வரும் என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வெளி இரண்டு துண்டாகப் பிரிந்து, ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போகவே போகாத உதாரணமும் என் நிபந்தனைகளுக்குள் அடங்கியது. அதில் அந்த இரண்டாவது குழு, முழு எண்களின் ஒரு பிரதிக்குப் பதில் இரண்டாகிவிடும். தேற்றமே தப்பு.

மூன்று நாள் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். ஈரச்சுவரும் மழைச்சத்தமும் மூச்சை அடைத்தன. வெளியே போகவும் வழியில்லை, உள்ளே யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

"என்ன கண்ணு, சரியாவே சாப்புடறதில்ல?" என்றார் அண்ணி.

"நாலு வருசமா எழுதுனது தப்புங்க அண்ணி."

"திருத்த முடியாதா?"

"முடியலீங்க."

"உங்க மேடத்துக்குத் தெரியுமா?"

தலையாட்டி இல்லை என்றேன். அண்ணி அடுப்பை அணைத்தார். "ஃபோன எடு. மேல தண்ணித்தொட்டிகிட்ட சிக்னல் வருதாம். நானும் வாரேன்."

குடைக்குள் ஒண்டி நின்று பேசினேன். வழிகாட்டி மேடம் தன் பிரதியை எடுத்துவந்து அந்த வரியைப் படித்துப் பார்த்தார்.

"எனக்கும் தோணியிருக்கணும்," என்றார் கடைசியில். "கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பாதை திறந்து முதல் பஸ் வந்த அன்று, பையோடு போய் நின்றவள் ஏறவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாள்தான் போனேன்.

நானாகவே எடுத்துக்கொண்டிருந்ததை வெளிப்படையான நிபந்தனையாகச் சேர்த்ததும் தேற்றம் நின்றது, ஆனால் அந்த அத்தியாயம் பாதியாகச் சுருங்கியது. பட்டம் கிடைத்தது. அதன்பிறகு நானும் அவரும் சேர்ந்து எதுவும் எழுதவில்லை.