உடனே புறப்பட்டு வரவும்

ஒன்பது வயதில் நான் ஒரு தபால் கார்டை வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். எங்கள் குடும்பம் கடலோரத்தில் குடியேறியது அப்படித்தான்.

அதற்கு முன்பு பட்டணத்தில், பெரம்பூர்ப் பக்கம், ஒரே அறையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். நைனா ஓர் அச்சாபீசில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் அதை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வேலை தேடி அலைந்த பிறகு, செய்யூருக்குக் கிழக்கே ஓர் உப்பளத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருப்பதாக வந்து சொன்னார். வீடு பார்க்கும்வரை இருக்கட்டும் என்று அம்மாவையும் என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் உத்திரமேரூரில் மாமா வீட்டில் விட்டார். பத்தே நாளில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அது தை மாதம்.

மாமா என்பது அம்மாவின் அண்ணன். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர்செய்துகொண்டிருந்தார். கடலையும் பார்த்ததில்லை, உப்பளத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் தங்கை புருஷனின் உத்தியோகத்தைப் பற்றி டீக்கடையில் அவர் விவரிப்பதைக் கேட்டால் எனக்கே மலைப்பாக இருக்கும். "எங்க மாப்ள கைய ஆட்டினா போதும், நூறு ஆளு குனிஞ்சி வேல செய்வான். நிமிர மாட்டான்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களும் உப்பளத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

பத்து நாள் போய், மாதம் இரண்டாயிற்று. அத்தை எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கும் தம்பிக்கும் தன் பிள்ளைகளுக்குப் போடுவதைப் போலத்தான் சோறு போட்டாள். ஆனால் அம்மாதான் மாறிப்போனாள். பட்டணத்தில் வெயில் வந்தபிறகு எழுந்திருப்பவள், இங்கே அத்தைக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்தாள், மாட்டுக்கொட்டகையைக் கூட்டினாள், யாரும் கேட்காமலே இரண்டு மரக்கால் நெல்லைக் குத்தி வைத்தாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கடைசியில் உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிட்டாள். ஊர்க்காற்று அவளைச் சுறுசுறுப்பாக்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் யாராவது ஒருத்தி தினமும் கேட்பாள்: "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு இன்னும் வூடு பாக்கலியா?"

"பாத்துக்கினு கீறாரு" என்பாள் அம்மா, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி.

எனக்கும் ஒரு தொல்லை இருந்தது. நைனா முதல் கார்டில், அங்கே வாசலில் நின்றால் கடல் தெரியும் என்று எழுதியிருந்தார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் கூட்டி, எங்கள் வாசலுக்குக் கப்பல் வரும் என்றும், அதில் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை செய்வதாகவும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னை மரியாதையாக நடத்தினார்கள். அப்புறம் "இன்னாடீ, இன்னும் கப்பல் வரலியா?" என்று ஆரம்பித்தார்கள். மாசி முடிவதற்குள் என் பெயரே கப்பல் ஆகிவிட்டது. வாத்தியார்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நிலையில்தான் பங்குனியில் அந்தக் கார்டு வந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாமாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படிப்பேன். பகலில் வந்த கார்டை அம்மா இடுப்பில் செருகி வைத்திருந்தாள். மாலையில் மாமா கழனியிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். அத்தை முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நைனாவின் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். 'நலம், நலமறிய ஆவல்' என்பதை உரக்கப் படித்தேன். அதற்குள் என் கண் மற்ற வரிகளுக்கு ஓடிவிட்டது. 'இங்கே தண்ணீர் உப்பு. சின்னவனுக்கு ஆகாது. வீடு ஒன்றும் அமையவில்லை. ஆடி கழியட்டும், பார்க்கலாம். அதுவரை அங்கேயே இருக்கவும். இப்போது வர வேண்டாம்.'

ஆடி வரைக்கும் கப்பலாக இருக்க என்னால் முடியாது. வாய் தானாகவே திறந்துகொண்டது.

"வீடு நல்லபடியாக அமைந்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது. இந்தக் கார்டு கண்டதும் உடனே புறப்பட்டு வரவும்" என்று படித்தேன்.

மாமா தொடையில் தட்டினார். "பாத்தியா! நான்தான் சொன்னேனே, மாப்ள மறந்துட்ற ஆளா?" என்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு தரம் படி கண்ணு. உங்க மாமாவுக்கு நல்லா காதுல விய்ற மாதிரி படி" என்றாள்.

இரண்டாம் முறை படிக்கும்போது எனக்குத் துணிச்சல் கூடியிருந்தது. கடைசியில், 'மச்சானையும் துணைக்கு அழைத்து வரவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். முதல் தடவை அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நாள் பாக்க வேணாமா?" என்றாள் அத்தை.

"நாளைக்கே நல்ல நாளுதான் அண்ணி" என்று சொல்லி, அம்மா என் கையிலிருந்து கார்டை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாமா வண்டி கட்டினார். எங்கள் டிரங்குப் பெட்டி, பட்டணத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்கள், அத்தை கொடுத்த ஒரு மூட்டை அரிசி, பானை நிறையக் குடிதண்ணீர் எல்லாம் ஏறின. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி தெருவைத் தாண்டும்போது கிணற்றடியில் நின்றவர்களைப் பார்த்து அம்மா தானாகவே, "வரச்சொல்லி கார்டு போட்டுட்டாரு, போய்ட்டு வரோம்" என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கோ ஒவ்வொரு மைல்கல்லிலும் 'வர வேண்டாம்' என்ற வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டி போகும்போது தாங்க முடியாமல், "அம்மா, அந்தக் கார்டுல..." என்று ஆரம்பித்தேன். அம்மா ஒரு பொரியுருண்டையை எடுத்து என் வாயில் திணித்தாள். "வாய மூடிக்கினு துன்னு" என்றாள். முன்னால் மாமா மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வழியில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் உச்சிவேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை. கண் கூசியது. கடல் எங்கோ தூரத்தில் இரைந்துகொண்டிருந்ததே தவிரத் தெரியவில்லை. மாமா வண்டியை நிறுத்தி, உப்புக் குவியலின் மேல் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் சூப்பர்வைசர் வீடு எது என்று கேட்டார். நைனாவின் பெயரையும் சொன்னார்.

"அந்தப் பேர்ல சூப்பர்வைசர் யாரும் இல்லியே" என்று அவர் யோசித்தார். "மெட்ராசுக்காரனா? அதோ வரான் பாரு."

கூடை சுமந்து ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக வந்தவர் நைனா. முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. இடுப்பில் ஒரு துண்டு. தலைச் சும்மாட்டிலிருந்து உப்புத்தண்ணீர் முதுகில் வடிந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றார். பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்துக்கொண்டு ஏதோ திட்டினார்.

நைனா கூடையை இறக்கினார். மாமா வண்டியிலிருந்து இறங்கிப் போய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மாப்ளே இது?" என்றார். வண்டியைக் கைகாட்டி, "நீங்க வரச்சொன்னீங்கன்னுதான இட்டாந்தேன்" என்றார்.

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, கார்டை எடுத்து நீட்டினாள். "கார்டு வந்துது. உடனே வரச்சொல்லி கீது" என்றாள்.

நான் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நைனா கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கார்டை வாங்கினார். தன் கைப்பட எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகப் படித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை. அவர் விரலில் இருந்த வெடிப்புகள் எனக்கு அங்கிருந்தே தெரிந்தன.

"ஆமா மச்சான்" என்றார். "நான்தான் வரச்சொன்னேன்."

வீடு என்று ஒன்றும் இல்லை. பனையோலைக் கொட்டகையில் ஐந்தாறு ஆட்களோடுதான் நைனா படுத்துக்கொண்டிருந்தார். சேதி தெரிந்ததும் அவர்கள் தங்கள் துணிமணிகளைச் சுருட்டிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். நடுவில் தட்டி கட்ட வேண்டியிருந்தது. மாமா யாரையும் ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். நைனா கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தார். இருட்டுவதற்குள் எங்களுக்கு ஒரு பக்கச் சுவர் கிடைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மாமா புறப்பட்டார். கடலைப் போய்ப் பார்க்கலாம் என்று நான் கூப்பிட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு நைனாவிடம், "மாப்ளே, ஊர்ல நான் சூப்பர்வைசர்னுதான் சொல்லுவேன்" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி மறையும்வரை நின்றுவிட்டு நைனா உள்ளே வந்தார். அம்மா கல் கூட்டி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நான் தம்பிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தூங்குகிறவள்போல் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு இன்றைக்கு அடி நிச்சயம்.

"நான் வர வேணாம்னுதான எழுதினேன்?" என்றார் நைனா, மெதுவாக.

"தெரியும்" என்றாள் அம்மா. "தபால்காரரு குடுக்கும்போதே படிச்சி சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா கெளம்பி வந்தே?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். ஓலை பற்றிக்கொண்டதும் நிமிர்ந்தாள்.

"கொயந்த அவ்ளோ நல்லா படிச்சா" என்றாள். "எங்க அண்ணன் கேட்டுக்கினு உக்காந்திருந்தாரு. அதுக்கப்பறம் இன்னா பண்றது?"

நைனா என்னிடம் வந்தார். போர்வையை இழுத்துத் தம்பிக்கும் எனக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, சும்மாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அடி விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை, அப்புறமும் விழவில்லை. நான் தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்த அழகுக்காகத்தான் என்னை மன்னித்துவிட்டார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.