டாக்டர் சொன்னதைத் திருப்பிப் படித்தேன்

ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். நான் வளர்ந்த மாட்டுங்காவில் எங்கள் காலத்துப் பெண்களில் ஷார்ட்ஹேண்ட் படிக்காதவள் அபூர்வம். ரிடையரான பிறகும் காய்கறிப் பட்டியல், பக்கத்து ஃப்ளாட் வம்பு எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவேன். வேறு யாராலும் படிக்க முடியாது, அது ஒரு சௌகரியம்.

போன மழைக்காலத்தில் சிறுநீரில் தொற்று வந்து ஜுரம் கொளுத்தியது. நாலு நாள் கன்னாபின்னாவென்று பேசினேனாம். செத்துப்போன கணவரை ஆபீசுக்கு நேரமாச்சு என்று விரட்டினேனாம். ஆஸ்பத்திரியில் மனநோய்க்கான மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். ஜுரம் போயிற்று, மாத்திரை போகவில்லை. மகன் பழைய சீட்டைப் போட்டோ எடுத்து மெடிக்கல் ஸ்டோருக்கு வாட்ஸ்அப் செய்வான். மாதாமாதம் செம்பூர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

பகலெல்லாம் தூக்கம். கை நடுங்கியது, கால் தரையைத் தேய்த்தது. விழுந்துவிடுவேன் என்று என்னிடமிருந்த வீட்டுச் சாவியையும் மகன் வாங்கிக்கொண்டான். எழுபத்து மூன்று வயதில் கீழே போய்க் கொத்தமல்லி வாங்கக்கூட அவனிடம் அனுமதி கேட்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது.

மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு டாக்டரிடம் போனேன். அங்கே மகன் என் நோட்டை எடுத்து நீட்டினான்.

"பாருங்க டாக்டர், நாள் பூரா இப்படிக் கோடு கோடா இழுத்துண்டிருக்கா."

அம்மா ஆபீசில் டைப் அடித்தாள் என்றுதான் அவனுக்குத் தெரியும். அவனைப் படிக்கவைத்ததே அந்த ஷார்ட்ஹேண்ட் கோடுகள்தான்.

சின்ன வயசு டாக்டர். என்னிடம் இந்தியில் "சாப்பிட்டீர்களா மாஜி" என்று கேட்டுவிட்டு, மகன் பக்கம் திரும்பி மளமளவென்று இங்கிலீஷில் பேசினார். நான் நோட்டை வாங்கி மடியில் வைத்து எழுதினேன். அவர் முடித்ததும் ஒரு வார்த்தை பிசகாமல் இங்கிலீஷிலேயே திருப்பிப் படித்தேன்.

"மாத்திரை தொடரட்டும். நிறுத்தினால் உங்களுக்குத்தான் தொந்தரவு. அம்மா கேட்டால் வைட்டமின் என்று சொல்லிவிடுங்கள்."

டாக்டரின் முகம் சிவந்தது. அப்போதுதான் என்னை நேராகப் பார்த்து, என்ன தொந்தரவு என்று என்னையே கேட்டார். எல்லாம் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று புதுச் சீட்டு எழுதினார். அதையும் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மகனிடம் கையை நீட்டினேன். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் சாவியை எடுத்து அதில் வைக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.