பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

அப்பா குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார் என்று ஊர் பூராவும் நாங்கள் சொல்லிவைத்திருந்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. கீரமங்கலத்தில் வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். கார் ஓடினால் அப்பா வீட்டில் இருப்பார், ஓடாவிட்டால் திரும்பவும் விமானம் ஏறுவார். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசியதை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் அந்தக் காரை அப்பாவைவிட நான்தான் அதிகம் தாங்கினேன்.

அம்மா விடிவதற்கு முன்பே மல்லிகை எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா காரைக் கழுவுவார், பொட்டு வைப்பது நான். ஸ்டியரிங்குக்கு ஒன்று, பானட்டுக்கு ஒன்று, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. பெட்ரோல் மூடியின் நடுவில் பொட்டுக்கென்றே செய்த மாதிரி ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் சந்தனத்தைக் கட்டைவிரலால் அமுக்கி மேலே குங்குமம் வைப்பேன். மற்ற பொட்டெல்லாம் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும், இது மட்டும் அப்படியே இருக்கும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதத்தில் கார் நிற்க ஆரம்பித்தது. கீரமங்கலத்தில் நன்றாகத்தான் கிளம்பும். ஆலங்குடி தாண்டுவதற்குள் இரண்டு இழுப்பு இழுத்து நின்றுவிடும். பெட்ரோல் முள் வேலை செய்யாத வண்டி என்பதால் அப்பா முதலில் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். பிறகு பானட்டைத் தூக்கி அதையும் இதையும் தட்டிவிட்டுச் சாவியைத் திருகுவார். உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். தட்டியதால்தான் ஓடுகிறது என்று நினைத்தார், பாவம். பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பெட்ரோல் பம்பைப் புதிதாகப் போட்டார்கள். ஷெட்டில் மட்டும் அது ஒருநாளும் நின்றதில்லை. கண் பட்டுவிட்டது என்றாள் அம்மா. நான் சந்தனத்தை இன்னும் கெட்டியாகக் குழைத்தேன்.

டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு நாள் புதுக்கோட்டை போகும் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர்தான் அப்பாவின் நிரந்தர சவாரி. நடுவழியில் மூன்றாவது தடவையாகப் புளியமரத்தடியில் காத்துக் கிடந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“வேற வண்டி சொல்லிட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காதீங்க. நேரம் தப்புனா எனக்கு ஒடம்பு தாங்கல.”

“சரிங்க சார்,” என்றார் அப்பா. அன்று சாயங்காலமே பழைய ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

விசா வந்தது. காரை வாங்க அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்தார். கோளாறு இருக்கிறது என்று அப்பா ஒளிக்காமல் சொல்லித்தான் பேசி முடித்திருந்தார். வாங்க வந்தவர் கூட்டிவந்த மெக்கானிக் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஆலங்குடிக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கம்போல நின்றது. அப்பா இறங்கி மூடியைத் திறந்தார்.

“புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சே, எப்பவும் வருமா?” என்றார் மெக்கானிக்.

“வரும்ங்க.”

மெக்கானிக் பானட் பக்கமே போகவில்லை. மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெட்ரோல் எறங்க எறங்க டேங்குக்குள்ள காத்து போகணும்ங்க. போகலன்னா பெட்ரோல் எஞ்சினுக்கு வராது. அதுக்குத்தான் மூடியில ஓட்டை வச்சிருக்கான். ஒரு ஊக்கு குடு பாப்பா.”

என் கவுனில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் குழிக்குள் விட்டுக் குடைந்தார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

“யாருங்க இதுல சந்தனத்தை அப்புனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். “நான்தாங்க. வெள்ளிக்கெழம தவறாம வைப்பேன்.”

“நல்ல ஆளு போங்க,” என்று வாங்க வந்தவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு கார் புதுக்கோட்டை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் நான் கேட்டேன்:

“வண்டிதான் சரியாயிருச்சுல்லப்பா, இனிமே நீங்க போக வேணாம்ல?”

“வண்டிக்கு வாக்குக் குடுத்தாச்சு ஆத்தா. விசாவும் வந்துருச்சு,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவிடமும் தான்தான் வைத்ததாகச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? நீங்களே ஒங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே,” என்று அழுதாள். வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

காற்று, ஓட்டை என்று மெக்கானிக் சொன்னதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. எனக்கோ அப்பாமேல் அடங்காத கோபம். வாராவாரம் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்தவள் நான், அதைத் தானே வைத்ததாக எப்படிச் சொல்லலாம்? புறப்படும் வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருச்சி ஏர்போர்ட்டுக்கும் வரமாட்டேன் என்று கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவர் வந்து என் முதுகில் கைவைத்துக் கொஞ்சநேரம் நின்றிருந்தார். அவர் போவது என் கையால் வந்த வினை என்று எனக்குத் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. கடைசிவரை நான் திரும்பிப் படுக்கவே இல்லை.