இடது பக்கம் தட்டுப்பட்டது

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எங்கள் காலத்தில் விரல்தான் சொன்னது. மங்கா என்ற நோயாளி என்னைப் பற்றிச் சொன்னதாக எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் கொண்டுவந்த சேதியைப் பல வருடமாக நான் முழுசாக நம்பியதில்லை. பெரியவர் முன்னால் தலையாட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும்.

மயக்கத்தில் ஒரு பரிசோதனை

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் உதவி மருத்துவர். மங்காவுடையது வேப்பம்பட்டில் நெல் போடும் குடும்பம். மயக்க மருந்து கொடுத்து, முதலில் எங்கள் தலைமை மருத்துவர், சீஃப், கைவைத்துப் பார்த்தார், பிறகு நான். கட்டி கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால் முதல் நிலை, ஆபரேஷன். பக்கத்துத் திசுவுக்குப் பரவியிருந்தால் இரண்டாம் நிலை, கதிர் சிகிச்சை.

இடது பக்கம் என் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டது, பரவியதன் அடையாளம். இரண்டு முறை திரும்பத் தொட்டேன். எதிரே ஸ்டெல்லா சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரலுக்குப் பரவல் ஒன்றும் தெரியவில்லை, உனக்கு எப்படி என்று சீஃப் கேட்டார். எனக்கும் இல்லை என்றேன். "சந்தேகம் வந்தா குறைஞ்ச நிலையை எழுதணும். உனக்குச் சந்தேகமே இல்லையே, எழுதுப்பா" என்றார். முதல் நிலை என்று எழுதினேன்.

திறந்து பார்க்கலாமே

புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர், வயிற்றைத் திறந்து நெறிக்கட்டிகளைச் சோதித்த பிறகே நிலையை முடிவு செய்யலாமே என்று டீ நேரத்தில் கேட்டார். சீஃப் சொன்ன பதில் நியாயமானது. அதன் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். "ஆபரேஷன் தியேட்டரே இல்லாத ஊர்ல இருக்கிற பொம்பளைக்கு அப்ப யாருய்யா நிலை சொல்றது?"

சீட்டில் ஒன்று

மங்காவைத் திறந்ததும் தெரிந்தது. இடது பக்கம் பரவியிருந்தது, நெறிக்கட்டிகளும் வீங்கியிருந்தன. எதையும் எடுக்காமல் மூடினோம். தையலில் சீழ் வைத்து, நோயாளிகள் 'கரண்ட்டு' என்று சொல்லும் கதிர் சிகிச்சை ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. சிகிச்சைக்கு முன் எழுதிய நிலையைப் பிறகு மாற்றக் கூடாது என்பது விதி. சீட்டில் முதல் நிலையே நின்றது. அதை நீட்டிக் கேட்ட கணவரிடம் விதியை விளக்கினேன். என் விரலுக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்டது இதுதான்: "ஒண்ணுன்னு போட்டுக்கீது. ஒண்ணுன்னா சின்னதுதானே சார்? அப்பறம் இன்னாத்துக்கு கரண்ட்டு வெக்கணும்?"

சிஸ்டர் கொண்டுவந்த சேதி

அடுத்த வருடம் மங்கா இறந்துபோனார். "அந்தச் சின்ன டாக்டர் மேல எனக்குக் கோவம் இல்ல" என்று கடைசியில் சொன்னதாக சிஸ்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டே நானும் சீஃப் ஆகிவிட்டேன். ஆனால் கோபப்பட ஏதோ இருந்தது என்பதே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, நான் திரும்பத் தொட்டதைப் பார்த்த சிஸ்டர் சொல்லியிருந்தாலொழிய.

போன மாதம் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய், ஓய்வுபெற்ற சிஸ்டரிடம் கேட்டேன்: "நான் மறைச்சதை நீங்க மங்காகிட்ட சொன்னீங்களா, இல்ல அவங்க எதுவுமே சொல்லாம அந்தச் சேதி நீங்களாச் சொன்னதா?"