காக்கை போட்ட சேலை

அன்று தறி வீட்டில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், என் ஓரகத்தி, பக்கத்துத் தறி அக்கா. ஓரகத்தி செல்போனைத் தறிக்கு மேலே பிடித்து, பாதி நெய்த சேலையைப் படம் எடுத்தாள். எங்கள் வியாபாரத்தின் முதல் படம் அது.

அதுவரை ஆரணி முதலாளி கொடுக்கும் பாவு நூலை எங்கள் ஊர் முள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்து கூலிக்கு நெய்தோம். பாவும் அவருடையது, டிசைனும் அவருடையது. ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனார் மனைவி, போளூரிலிருந்து வாழ வந்தவள். தறி தெரியாது. வரைவாள். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த காக்கைகளை வரைந்து, இதைச் சேலைக் கரையில் போட்டு நாமே ஆன்லைனில் விற்கலாம் என்றாள். நான் சரி என்றேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. வரிசையில் ஒரு காக்கை மட்டும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவ்வளவுதான்.

என் கம்மல் பட்டுநூலாகவும் ஜரிகையாகவும் ஆனது. இனி பாவு வேண்டாம் என்று வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். முதலாளி சிரித்தாராம்.

"காக்கா போட்ட சேலையக் கட்டிகினு எவ மணையில உக்காருவா? போய்ட்டு வாங்க. பாவு இங்கதான் இருக்கும்."

விற்காவிட்டால் அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

படத்தைப் போட்டோம். ஒருவரும் வாங்கவில்லை. நூல் தொங்குகிறது என்று ஒருவர் எழுதினார். இது காக்கையா கரித்துணியா என்று இன்னொருவர். வீட்டுக்காரர் ஆரணிக்குப் போக எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க மாமா இவ்ளோ ஜல்தியா?" என்று ஓரகத்தி வழியை மறித்தாள். பிறகு தறியைக் குனிந்து பார்த்தாள். "அக்கா, நெஜமாவே இவ்ளோ நூலு தொங்கிகினு கீதே?"

"அது உள்பக்கம். நல்ல பக்கம் கீழ பாத்துகினு இருக்கும்" என்றேன்.

"அப்போ நான் போட்டோ புடிச்சது?"

"உள்பக்கம்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னாக்கா?"

தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சேலை என்றால் கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான். அன்று மூன்று நெசவாளிகள் நின்றிருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"பேஜார் புடிச்ச குடும்பம்" என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, தறிக்கு அடியில் கால்மிதி இருக்கும் குழிக்குள் இறங்கினாள். மல்லாந்து படுத்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, மிதிய மிதிச்சிடாதீங்க. என் மூஞ்சி கீது."

தலையெல்லாம் தூசியும் பஞ்சுமாக வெளியே வந்து போனை நீட்டினாள். சன்னல் வெளிச்சம் பட்டில் ஊடுருவி வானம் மாதிரி இருந்தது. அதன் மேல் கம்பி, கம்பியில் காக்கைகள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது போலவே. காக்கையை நாம் கீழே இருந்துதானே பார்க்கிறோம்.

வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தறியில் உட்கார்ந்தார்.

அந்தப் படத்தைப் போட்டதும் சேலை விற்றது. மணையில் உட்கார யாரும் கேட்கவில்லை. ஆபீசுக்குக் கட்ட, மகளுக்குக் கொடுக்க, சும்மா வைத்திருக்கக் கேட்டார்கள். எங்கள் இரண்டு தறி போதவில்லை. முதலில் பக்கத்துத் தறி அக்கா வந்து பாவு கேட்டாள். பிறகு அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள். முதலாளி வாசலுக்கு நாங்கள் போகவே இல்லை. டிசைன் இன்றும் ஓரகத்தி கைதான். அவள் பெயரையும் கரையில் நெய்கிறோம், நல்ல பக்கத்தில்.

இன்று எங்கள் பாவு ஓடும் தறி பதினொன்று.